கரப்பானுக்கு முதல் மருந்து டார்ச் விளக்கு

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில், ஒரு பெண்மணியின் மூக்கினுள் நுழைந்து இரு கண்களுக்கும் இடைப்பட்ட பகுதிவரை சென்றுவிட்ட கரப்பான் பூச்சி ஒன்றைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் உயிருடன் வெளியே எடுத்தனர். அச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்து பலரையும் திடுக்கிடச் செய்தது. ஆயினும் அத்தகைய நிகழ்வு மிக அரிது. கரப்பானால் மனித உடலுக்கு நேரும் பெருந்தீங்கு செய்தித்தாளில் இடம்பெறுவதே இல்லை. அது நள்ளிரவில் இருமலாகத் தொடங்கி, இழுப்பாக மாறி, விடியுமுன் அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கு வந்து சேர்கிறது.

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் நுரையீரல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் என்ற முறையில் எனது கருத்து இதுதான்: ஆஸ்துமா நோயாளி வாழும் இல்லத்தில் கரப்பானை ஒழிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. ஆகவே அதனைச் சிகிச்சைக்குரிய ஒழுங்குடன் செய்தல் வேண்டும். முதலில் கண்டறிதல், அடுத்து மருந்து, அதன்பின் மறுபரிசோதனை. நம் வீடுகளில் நடப்பதோ வேறு. ஒரு பூச்சி கண்ணில் பட்டவுடன் ஸ்பிரே டப்பாவைத் தேடுகிறோம். அதன் விளைவாகப் பூச்சி அடுத்த அறைக்கு ஓடுகிறது. நோயாளிக்கோ மூச்சு முட்டுகிறது.

மூச்சுக்கும் கரப்பானுக்கும் என்ன தொடர்பு?

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பேச்சுவழக்கில் ‘கரப்பான்’ என்பது ஒருவகைத் தோல் நோய்க்கும் பெயர். அந்நோய்க்கும் இப்பூச்சிக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இக்கட்டுரை பூச்சியைப் பற்றியது. சிலர் இதனைப் பாச்சை என்பர்.

கரப்பானின் எச்சம், எச்சில், உதிர்ந்த தோல், இறந்த உடல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் பொடியாகி வீட்டுத் தூசியுடன் கலக்கின்றன. இவை சற்றுக் கனமான துகள்கள். சும்மா இருக்கும்போது தரையிலும் மெத்தையிலும் படிந்திருக்கும். துடைப்பத்தால் பெருக்கும்போதும் படுக்கையை உதறும்போதும் காற்றில் எழும். ஒவ்வாமை உள்ளவர் அதனைச் சுவாசித்தால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது. கரப்பானால் ஒவ்வாமை உண்டாகும் என்பதை 1964ஆம் ஆண்டில் பெர்ன்டன், பிரவுன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

1997இல் அமெரிக்காவின் எட்டு நகர்ப்பகுதிகளில் வாழ்ந்த, ஆஸ்துமா உடைய 476 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்தது. ஒவ்வாமையும் இருந்து, உறங்கும் அறையில் கரப்பான் தூசியும் மிகுந்திருந்த குழந்தைகள், ஏனைய குழந்தைகளைவிட 3.4 மடங்கு அதிகமாக ஆஸ்துமாவிற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். அந்த எண்களை நம் மாவட்டத்திற்கு அப்படியே பொருத்துதல் கூடாது. ஆனால் நோய் உண்டாகும் வழி எங்கும் ஒன்றே.

கடற்கரை மக்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. இறால், நண்டு ஆகியவற்றின் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்னும் புரதத்தை ஒத்த புரதம் கரப்பானிலும் இருக்கிறது. இதனால் ஒவ்வாமைப் பரிசோதனையில் இரண்டிற்கும் சேர்த்தே ‘உண்டு’ என முடிவு வரக்கூடும். இறால் உண்டு எத்தொல்லையும் அடையாத ஒருவர், தாளிலுள்ள முடிவை மட்டும் கண்டு இறாலைக் கைவிட வேண்டியதில்லை. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்க.

வெட்கம் வேண்டா

ஆஸ்துமா நோயாளிகளிடம் புகை, தூசி, குளிர்ந்த நீர், வீட்டு நாய் ஆகியவற்றைப் பற்றிக் கேட்கிறோம். கரப்பானைப் பற்றிக் கேட்டால், ‘எங்கள் வீடு சுத்தமாகத்தான் இருக்கும் டாக்டர்’ என்னும் பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. கேள்வியைக் குற்றச்சாட்டாக எண்ணுகின்றனர். அதிலும் வீட்டுப் பெண்கள், அக்கேள்வி தம்மை நோக்கியது என்றே கருதித் தலைகுனிகின்றனர்.

இந்த வெட்கத்திற்குக் காரணமே இல்லை. வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் சிறிய இனத்திற்கு ‘ஜெர்மன் கரப்பான்’ என்று பெயர். 1767இல் லின்னேயஸ் அதற்கு அறிவியற்பெயர் இட்டார். ஆனால் அது ஜெர்மனியில் தோன்றியதன்று. 17 நாடுகளில் திரட்டப்பட்ட பூச்சிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் அது தோன்றியது என்கிறது. காட்டிலோ வயலிலோ அது வாழ்வதில்லை. மனிதர் வாழும் கட்டடங்களிலேயே வாழ்கிறது. வெதுவெதுப்பும் ஈரமும் ஒதுங்க ஓர் இடுக்கும் இருந்தால் அதற்குப் போதும். இம்மூன்றும் நம் கடற்கரையில் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து காரையைப் பெயர்க்கிறது, விரிசல் விழுகிறது. லைன் வீடுகளில் ஒரே சுவர் இரு குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கிறது. ஒரு வீட்டார் எவ்வளவு துடைத்தாலும் அடுத்த வீட்டுப் பூச்சிக்குச் சுவர் தடையாகாது.

தேடுங்கள், எண்ணுங்கள்

இரவில் விளக்குகளை அணைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச் விளக்குடன் சமையலறைக்குள் செல்க. ஓடும் பூச்சிகளை அடிக்க முயல வேண்டா. அவை எந்த இடுக்கை நோக்கி ஓடுகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். அதுவே அவற்றின் இருப்பிடம். மறுநாள் பகலில் அவ்விடத்தைப் பார்த்தால், மிளகுத்தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகளும், உதிர்ந்த தோலும், பழுப்பு நிற முட்டைக் கூடுகளும் காணப்படும்.

சாதாரண வீடுகளில் தேட வேண்டிய இடங்கள் பலவற்றை நாம் எண்ணுவதே இல்லை. கேஸ் அடுப்பின் அடிப்பகுதி, மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றின் அடித்தட்டு, அலமாரித் தட்டுகளில் விரித்த பழைய செய்தித்தாள், கதவுக் கீல், சுவிட்ச் பெட்டி, நாட்காட்டியின் பின்புறம், சுவரில் மாட்டிய சாமி படங்களின் பின்புறம், கருப்பட்டி வைத்த ஓலைப்பெட்டி, கருவாட்டுச் சாக்கு, மடித்து வைத்த அட்டைப்பெட்டிகள். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் கீழே ஒரு தட்டில் நீர் சொட்டி நிற்கும். அங்கே சூடும் ஈரமும் ஒன்றாக இருப்பதால் பூச்சிகள் அதனை மிகவும் விரும்பும்.

நம் மாவட்டத்தில் நீருக்குத் தனிக் கவனம் வேண்டும். காவிரி கூட்டுக் குடிநீர் வந்த பின்னரும், குடத்திலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் நீரைச் சேமிக்காத வீடு அரிது. ஜெர்மன் கரப்பான் உணவின்றி ஒரு மாதம் வரை உயிர் தாங்கும். நீரும் கிடைக்காவிடில் இரண்டு வாரங்களைக் கடப்பது அரிது. எனவே சிந்திய சோற்றைவிடக் குடத்தடி ஈரமே அதற்குப் பெரிய துணை. நீரைச் சேமிக்காமல் இருக்க நம்மால் இயலாது. ஆனால் குடத்தின் அடியில் நனைந்த சாக்கை விரிப்பதை நிறுத்தலாம். டிரம்மைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். இரவு உறங்குமுன் தொட்டியையும் மேடையையும் உலரத் துடைக்கலாம்.

தேடிய பின் எண்ண வேண்டும். கடைகளில் ஒட்டுப்பொறி அட்டைகள் கிடைக்கின்றன. இல்லையெனில் வாயகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றின் உள்விளிம்பில் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவி, உள்ளே வாழைப்பழத் துண்டு ஒன்றை இடுக. உள்ளே விழுந்த பூச்சி வழுக்கும் விளிம்பில் ஏற இயலாது. இவ்வாறு ஐந்தாறு இடங்களில் மூன்று இரவுகள் வைத்து, எங்கே எத்தனை விழுந்தன என்பதைக் குறித்துக்கொள்க. சிறு குஞ்சுகள் மிகுதியாக விழும் இடத்திற்கு அருகிலேயே அவற்றின் கூட்டம் இருக்கிறது.

விழுந்தவை எவ்வினம் என்றும் பார்க்க வேண்டும். விரல்நக அளவில், கழுத்துப் பகுதியில் இரு கருங்கோடுகளுடன் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான், வீட்டிற்குள்ளேயே பெருகுவது. கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பு நிறமாக இருந்தால் அது அமெரிக்கக் கரப்பான். சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் பெருகிக் குழாய் வழியே ஏறி வருவது. மழைக்காலத்தில் வடிகால்கள் நிரம்பும்போது அது கூட்டமாக மேலேறும். முன்னதற்கு மருந்து வேண்டும். பின்னதற்கு முதலில் வழியை அடைக்க வேண்டும். கழிவுத்தொட்டி மூடியின் விரிசலைப் பூசுதல், காற்றுக்குழாயின் வாயில் கொசுவலை கட்டுதல், தரை வடிகாலுக்குச் சல்லடை மூடி இடுதல் ஆகியவை போதுமான தொடக்கம். வடிகாலின் வளைவில் நிற்கும் நீர்தான் பூச்சியைத் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் அந்நீர் வற்றிவிடும். வாரம் ஒரு குவளை நீரை ஊற்றி வருக.

அடிக்கும் மருந்து ஏன் கூடாது?

ஸ்பிரேயின் நெடி, ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயை உடனே சுருங்கச் செய்யக்கூடும். நோயைக் குறைக்க எண்ணிச் செய்த செயலே அன்றிரவு நோயை வரவழைத்துவிடும். இது முதற்காரணம். அடிக்கும் மருந்து கண்ணில் படும் சில பூச்சிகளைக் கொன்று, மற்றவற்றை இடுக்கின் ஆழத்திற்கும் அடுத்த அறைக்கும் விரட்டும். முட்டைக் கூட்டினுள் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும். இது இரண்டாம் காரணம். எரியும் அடுப்பருகே அடித்தால் தீப்பற்றும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

நம்மிடையே வழங்கும் வேறு சில முறைகளும் ஆபத்தானவை. ‘பாச்சை உருண்டை’ என்று பெயர் பெற்றதாலேயே நாப்தலீன் உருண்டை பாச்சையை ஒழிக்கும் என்று நம்புகிறோம். அது பூச்சிக் கூட்டத்தை ஒழிக்காது. G6PD என்னும் நொதிக் குறைபாடுடைய குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடையச் செய்யும். சுவரில் கோடிடும் பூச்சிக்கட்டி, தவழும் குழந்தைக்கு எழுதும் சாக்பீஸாகத் தோன்றும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குழந்தைகள் குடித்துவிடும் விபத்து மருத்துவமனைகளுக்குப் புதிதன்று. டைக்குளோர்வாஸ் என்னும் மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. எவரேனும் அதனைச் சிறு புட்டியில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். போரிக் பொடியைச் சர்க்கரையுடனும் மாவுடனும் உருட்டி வைப்பது பயன் தரும் முறையே. ஆயினும் அவ்வுருண்டை தின்பண்டம் போலத் தோன்றுவதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அது ஏற்றதன்று. வேப்பிலையும் கற்பூரமும் தீங்கற்றவை என்று எண்ணுவோர், கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரும் என்பதை அறிதல் நன்று.

பசை மருந்தும் பொறுமையும்

நான் பரிந்துரைப்பது, இரை கலந்த பசை மருந்து. ‘ஜெல்’ என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். ஊசிக்குழல் போன்ற குழலில் வரும் அதனை, பூச்சிகள் இருப்பதாக நீங்கள் கண்டறிந்த இடுக்குகளின் ஓரத்தில் அரிசி அளவுப் புள்ளிகளாக இடுக. ஓரிடத்தில் பெரிதாக வைப்பதைவிடப் பல இடங்களில் சிறிதாக வைப்பதே சிறந்தது. குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்திலும், உணவும் பாத்திரமும் படாத இடத்திலும் மட்டுமே வைக்க வேண்டும். இட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. உறையில் அச்சிட்ட அறிவுரைகளே இறுதியானவை.

பசையைத் தின்ற பூச்சி உடனே இறவாது. தன் இடுக்கிற்குத் திரும்பி அங்கே இறக்கும். அதன் எச்சத்தைத் தின்னும் குஞ்சுகளும் இறக்கும். இதனால் ஸ்பிரே எட்டாத இடத்திற்கும் மருந்து சென்று சேர்கிறது. ஆனால் பசை வைத்த இடத்தின் மேல் ஸ்பிரே அடித்தாலோ ஃபினாயில் இட்டுத் துடைத்தாலோ பூச்சி அதனை அணுகாது. இரண்டையும் சேர்த்துச் செய்வது இரண்டையும் வீணாக்குவதாகும்.

ஒருமுறை வைத்து நிறுத்திவிடல் ஆகாது. ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 குஞ்சுகள் வரை இருக்கும். அவை வெளிவந்து வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். எனவே இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பொறியை வைத்து எண்ணி, பசை தீர்ந்த இடத்தில் மீண்டும் இட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் தொடர வேண்டும். எண்ணிக்கை குறையவில்லையெனில் வேறு மருந்து கலந்த பசைக்கு மாறுக. இனிப்பை வெறுக்கும்படி மாறிவிட்ட கரப்பான்கள் உண்டு என்பதை 2013இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்கியுள்ளது. இனிப்புச் சேர்த்த பசையை அவை தொடுவதில்லை.

இம்முயற்சி பயன் தருமா என்று ஐயுறுவோருக்கு ஒரு சான்று. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆஸ்துமா உடைய 102 குழந்தைகளின் வீடுகளில் ஓராண்டு நடைபெற்ற ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு பகுதி வீடுகளில் இத்தகைய இரை மருந்து மட்டுமே வைக்கப்பட்டது. அவ்வீடுகளில் கரப்பான்கள் குறைந்தன; குழந்தைகள் மூச்சுத் தொல்லையால் துன்புற்ற நாட்களும் குறைந்தன.

பூச்சிகள் ஒழிந்த பின்னரும் அவற்றின் தூசி பல மாதங்கள் தங்கியிருக்கும். ஆகவே இறுதியாக ஒரு துப்புரவு தேவை. உலர்ந்த துடைப்பத்தைத் தவிர்த்து ஈரத்துணியால் துடையுங்கள். தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வெந்நீரில் துவையுங்கள். அலமாரித் தாள்களையும் பழைய அட்டைப்பெட்டிகளையும் அகற்றுங்கள். துடைப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இப்பணியைச் செய்யாமல் அவ்வேளையில் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். வீட்டில் பூச்சி குறைந்துவிட்டது என்று இன்ஹேலரைத் தாமாக நிறுத்துதல் கூடவே கூடாது.

யார் செய்வது?

இத்தனையும் படிக்கும்போது, இது மற்றுமொரு சுமையாக வீட்டுப் பெண்ணின் தலையில் ஏறும் என்ற எண்ணம் எழலாம். அவ்வாறு ஆகக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியை நகர்த்துதல், விரிசலைப் பூசுதல், கழிவுத்தொட்டியை மூடுதல் ஆகியவை ஒருவரால் ஆகும் பணிகள் அல்ல. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் செல்லும் ஆண்கள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதங்கள், ஒரு தலைமுறைக் கரப்பான் வளரும் காலத்திற்கு ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. படகிலிருந்து வீட்டிற்கு வரும் சாமான் பெட்டிகளையும் பைகளையும் அப்போதே உதறி உலர்த்தலாம். லைன் வீடுகளில் வாழ்வோர் அண்டை வீட்டாரிடம் பேசி ஒரே நாளில் அனைவரும் பசை வைப்பதே பலன் தரும். வாடகை வீடாயின், விரிசலையும் வடிகாலையும் சரிசெய்து தருதல் வீட்டு உரிமையாளரின் கடமை என்பதை மருத்துவக் காரணத்தைக் கூறியே கேட்கலாம்.

மருத்துவமனையில் தங்கும் நோயாளிகளுக்கும் இது பொருந்தும். படுக்கை அருகிலுள்ள பெட்டியில் திறந்த உணவை இரவு முழுவதும் வைக்க வேண்டா. வீடு திரும்பும்போது பைகளையும் டிபன் கேரியரையும் வெளியே உதறிய பின்னரே உள்ளே எடுத்துச் செல்க.

சில அவசரக் குறிப்புகள். காதில் பூச்சி நுழைந்தால் குச்சியோ ஊக்கோ இட்டுக் குத்தாமல் மருத்துவமனைக்கு வருக. பூச்சி மருந்தை யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு 108 ஊர்தியை அழையுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க இயலாத அளவு மூச்சிரைப்போ, உதடு நீலமாதலோ கண்டால் காலை வரை காத்திராதீர்கள்.

அடுத்த முறை புறநோயாளிகள் பிரிவிற்கு வரும்போது, பொறியில் விழுந்த பூச்சிகளின் எண்ணிக்கையை எழுதிய தாளையும் மருந்துச் சீட்டுடன் கொண்டு வாருங்கள். மருத்துவர்களாகிய நாங்களும் இருமலைப் பற்றிக் கேட்பது போலவே வீட்டுக் கரப்பானைப் பற்றியும் தயங்காமல் கேட்க வேண்டும். சமையலறையில் கரப்பான் உண்டு என்று சொல்வது, சர்க்கரை அளவு கூடியிருக்கிறது என்று சொல்வதைப் போன்றதே. தெரிந்தால்தான் மருத்துவம் செய்ய இயலும்.